முடுக்குற மெஷினும் துளை போடுற பிட்டும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், தொழில் அனுபவப் பகிர்வு நேரத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னாடி பேசின அக்கா கைமுறுக்கு தொழிலைப் பத்திச் சொன்னாங்க. கேட்கும்போதே வாய் ஊறுச்சு. நான் கொண்டு வந்திருக்கிறது சாப்பிடுற சாமான் இல்லை. இதோ, இந்தச் சின்ன மெஷின். பின் வரிசையில் யாரோ "துப்பாக்கி"ன்னு சொல்றது கேட்குது. நான் வேலைக்குப் போற வீட்டுலயும் பிள்ளைங்க அப்படித்தான் சொல்லும். இதுக்குப் பேரு இம்பாக்ட் டிரைவர். திருகு முடுக்குறதுக்கு உள்ள மெஷின். நான் காரைக்குடியைச் சுத்தி இருக்கிற ஊர்கள்ல ஜன்னலுக்குக் கொசுவலை சட்டம் மாட்டுறது, திரைச்சீலைக் கம்பி போடுறது, அலமாரிக் கீல் மாத்துறது, இந்த மாதிரி சில்லறை வேலை செய்யுறேன். இந்த மெஷினை வச்சுத்தான் என் வீட்டுல உலை கொதிக்குது.

இதுலேயே துளையும் போடலாமான்னு போன கூட்டத்துல ரெண்டு தங்கச்சிங்க கேட்டாங்க. நான் வாங்கின கடையில போடலாம்னு சொன்னாங்க. கூட வேலை பார்த்த ஒருத்தர் போடவே கூடாதுன்னார். ரெண்டு பேர் சொன்னதும் பாதி பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிஞ்சுக்கிறதுக்கு எனக்கு மூவாயிரத்துச் சொச்ச ரூபாயும் ரெண்டு மாசத் தூக்கமும் செலவாச்சு. அந்தக் கதையையும் சேர்த்தே சொல்லிடறேன்.

நான் முதல்ல முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு பழைய சாமான் கடையில் வேலை பார்த்தேன். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வர்ற கதவு, நிலை, பெட்டி, அலமாரியெல்லாம் அந்தத் தெருவுக்குத்தான் வரும். எங்களுக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை, பாலிஷ் போடுற வேலை. ஆம்பளை ஆள் வரலைன்னா கீல் மாட்டவும் சொல்வாங்க. கையால திருப்புளி பிடிச்சு பத்து ஸ்குரு முடுக்கினா மணிக்கட்டு வீங்கிப் போகும். ஒருநாள் இந்த மெஷினை என் கையில கொடுத்தாங்க. ஒண்ணரை கிலோ கூட இல்லை. விசையை அழுத்தினேன், மூணு அங்குல ஸ்குரு வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்குச்சு. கையை ஒரு சுண்டு கூட சுண்டலை. அன்னைக்கே தீர்மானம் பண்ணிட்டேன், தனியாத் தொழில் பார்க்கலாம்னு.

கையைச் சுண்டாததுதான் இதுல பெரிய விஷயம். பெரிய டிரில்லிங் மெஷின் இருக்கே, அது பிட்டு எங்கயாவது மாட்டிக்கிச்சுன்னா மெஷினே திரும்பி நம்ம மணிக்கட்டை முறுக்கும். ஆம்பளைங்களே கை பிசகி கட்டுப் போட்டதைப் பார்த்திருக்கேன். இது முறுக்காது. அதனால நம்ம கைக்கு இது தோதா இருக்கு. தோதா இருக்குங்கிறதுனாலேயே எல்லா வேலைக்கும் இதையே எடுக்கத் தோணும். நான் அங்கதான் சறுக்கினேன்.

குழுவுல 20,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். மாசம் ஆயிரம் அசல், நூத்துக்கு ஒரு ரூபா வட்டி. மெஷின், ரெண்டு பேட்டரி, சார்ஜர், ஏணி ஒண்ணு, அளவு டேப்பு. எல்லாம் வாங்கினதுக்கு அப்புறம் கையில காசு குறைஞ்சு போச்சு. துளை போடத் தனியா டிரில்லிங் மெஷின் வாங்கலை. கடையில ஒரு சின்ன சக்கு காட்டினாங்க. அதோட வால் ஆறு பட்டை. இம்பாக்ட்ல மாட்டிக்கிட்டா முன்னாடி எந்த உருண்டை பிட்டையும் பிடிச்சுக்கும். முந்நூறு ரூபாயில ஒரு மெஷின் மிச்சம்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

முதல் மூணு மாசம் ஒரு கோளாறும் இல்லை. புது வீடுகள், பிளைவுட், மென்மையான மரம். எந்தப் பிட்டைப் போட்டாலும் போகும். அப்புறம் ஒரு பழைய வீட்டு வேலை வந்துச்சு. தங்கும் விடுதியா மாத்திக்கிட்டு இருந்தாங்க. வளவைச் சுத்தி உள்ள அறைகள்ல 14 ஜன்னல், எல்லாத்துக்கும் கொசுவலைச் சட்டம், பித்தளைக் கொக்கி. ஜன்னலுக்கு 250 ரூபா கூலி. அத்தனையும் பர்மாத் தேக்கு. செட்டியார்மார் கப்பல்ல கொண்டு வந்து போட்ட மரம். நூறு வருஷம் காய்ஞ்சு, தட்டினா மணி மாதிரி கணீர்னு கேட்கும்.

நாலு ஜன்னல் முடிச்சேன். ஒவ்வொரு துளைக்கும் பிட்டு லேசா ஆடிக்கிட்டே இறங்குச்சு. ஆட்டம் வருதுன்னு தெரிஞ்சும், வேலை முடியணுமேன்னு கூடுதலா அழுத்தினேன். அஞ்சாவது ஜன்னல்ல மெஷின் "டக டக டக"ன்னு தட்ட ஆரம்பிச்சுது. நான் விசையை விடலை. பட்டுனு ஒரு சத்தம். பிட்டு ஒடிஞ்சு, முனை நிலைக்குள்ளேயே தங்கிடுச்சு. மேல ஒரு நூல் அளவு கூட வெளியே தெரியலை. பயத்துல ஆணியை வச்சுத் தோண்டிப் பார்த்து நிலையில ஒரு பள்ளமும் விழுந்துடுச்சு. அதை நான் பண்ணியிருக்கக் கூடாது.

மேற்பார்வை பார்த்தவர் வந்தார். மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொம்பளை கையில மெஷினைக் கொடுத்தா இப்படித்தான்"னு பக்கத்துல இருந்த கொத்தனார்கிட்ட சொன்னார். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. முடிஞ்ச நாலு ஜன்னலுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்து, நிலையைச் சரி பண்ற செலவு 2,000 ரூபாய் நீதான் தரணும்னு சொல்லி அனுப்பிட்டார். ஒரு ஆம்பளை ஆசாரி பிட்டை ஒடிச்சிருந்தா பிட்டு மட்டமானதுன்னு சொல்லியிருப்பாங்க. நான் ஒடிச்சதுனால நான் மட்டம்னு ஆச்சு. பத்து ஜன்னல் கூலியும் போச்சு.

அந்த மாசமும் அடுத்த மாசமும் தவணை கட்ட முடியலை. குழுக் கூட்டத்துல எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாராவாரம் கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவறாத வசூல், சரியான கணக்குன்னு பஞ்ச சூத்திரத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறவங்க நாம. வங்கிக் கடன் கேட்டு எங்க குழு மனு கொடுத்திருந்த நேரம் அது. ஒருத்தி தவணை தவறினா பன்னிரண்டு பேர் பேருக்கும் இழுக்கு. ஒரு அக்கா நேராவே கேட்டாங்க, "மெஷினை வித்து அசலைக் கட்டிட்டு மறுபடி பாலிஷ் வேலைக்குப் போயேன், ஏன் இந்த வம்பு?" அவங்க இப்ப ரெண்டாவது வரிசையில உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன். அவங்க கேட்டதுல தப்பே இல்லை. கடைசியா ரெண்டு மாசம் தள்ளி வாங்குறதுன்னு தீர்மானம் போட்டாங்க. கூடவே ஒரு வரி எழுதினாங்க, தொழிலைக் கத்துக்கிட்டதும் கேட்கிற உறுப்பினருக்கு இவள் சொல்லித் தரணும்னு. அந்த வரிக்காகத்தான் இன்னைக்கு இங்க நிக்கிறேன்.

எங்க தெருவுல ஒரு ஆசாரி இருக்கார். எழுபது தாண்டினவர். நான் மாமான்னு கூப்பிடுவேன். அவர்கிட்ட போய் அழுதேன். "அழுகையை அப்புறம் வச்சுக்க ஆத்தா, முதல்ல நிலையைக் காட்டு"ன்னு என்கூடவே கிளம்பி வந்தார். ஒல்லி உளியால ஒடிஞ்ச முனையைச் சுத்தி மரத்தைக் கொஞ்சமா எடுத்தார். முனை தலை காட்டினதும் மூக்குக் குறடால பிடிச்சு, இறங்கின திசைக்கு எதிர்த் திசையில மெல்லத் திருகினார். வந்துடுச்சு. பழைய தேக்குத் துண்டு ஒண்ணைச் செதுக்கி, நிலையில நார் ஓடுற திசையும் துண்டுல நார் ஓடுற திசையும் ஒண்ணா வர்ற மாதிரி வச்சு, பசை போட்டு அடைச்சார். மறுநாள் இழைச்சு, தேய்ச்சு, மெழுகு போட்டோம். எங்க இருந்துச்சுன்னு நானே தேடினேன். 2,000 ரூபாய் கேட்டவர் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. பணமும் கேட்கலை, மிச்ச வேலையும் கொடுக்கலை.

அன்னைக்குச் சாயங்காலம் மாமா அவங்க அப்பா காலத்துத் துரப்பணத்தை எடுத்துக் காட்டினார். வில் மாதிரி ஒண்ணு, அதுல கயிறு, கயிறு சுத்தின கட்டை, கட்டை நுனியில அலகு. வில்லை முன்னும் பின்னும் இழுத்தா அலகு சுத்தும். கையில பிடிக்கிற மின்சார டிரில்லு 1895-ல ஜெர்மனியில ஸ்டட்கார்ட் நகரத்துல வந்தது. துப்பாக்கி மாதிரி பிடியும் விசையும் வச்ச டிரில்லுக்கு 1917-ல அமெரிக்காவுல பிளாக் அண்ட் டெக்கர் காப்புரிமை வாங்கினாங்க. மெஷின் நம்ம பக்கத்து ஆசாரிமார் கைக்கு வந்து சேர்றதுக்கு அப்புறமும் ரொம்ப காலம் ஆச்சு. அதுவரைக்கும் நம்ம செட்டிநாட்டு வீட்டுத் தேக்குல துளை போட்டது கையாலதான். மாமா என்னை அந்த வில்லை இழுக்கச் சொன்னார். மரத்தூள் சுருள் சுருளா வந்துச்சு. "பார்த்தியா, இது மரத்தைச் செதுக்கி வெளியே தள்ளுது. துளை போடுறது செதுக்குற வேலை. உன் மெஷின் திருகை உள்ள தள்ளுற வேலைக்குப் பண்ணினது. செதுக்குறவன் தலையில தட்டிக்கிட்டே இருந்தா என்ன ஆவான்?"னு கேட்டார்.

எனக்கு அது அப்பத்தான் விளங்குச்சு. உங்களுக்கும் விளங்குற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

மோட்டார் பம்புல நட்டு ஒண்ணு இறுகிப் போச்சுன்னா என்ன பண்ணுவோம்? ஸ்பேனரைப் போட்டு முக்குவோம். வரலைன்னா ஸ்பேனர் காம்புல சுத்தியலால பக்கவாட்டுல தட்டுவோம். தட்டு விழ விழ நட்டு கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும். இந்த மெஷினுக்குள்ள நடக்கிறது அதேதான். உள்ள ஒரு சின்னச் சுத்தியல் சுத்துது. வேலை லேசா இருக்கிற வரை தட்டாது, சும்மா சுத்தும். திருகு இறுகி எதிர்க்க ஆரம்பிச்சதும் சுத்தியல் பக்கவாட்டுல தட்ட ஆரம்பிக்கும். நிமிஷத்துக்கு மூவாயிரம் தட்டுக்கு மேல. அதாவது ஒரு வினாடிக்கு ஐம்பது. பேட்டரியில ஓடுற 18 வோல்ட் டிரில்லு பெட்டியில முறுக்கு விசை 50, 60 நியூட்டன் மீட்டர்னு போட்டிருக்கும். இதுல 150-க்கு மேல இருக்கும். இவ்வளவு விசையும் தட்டுத் தட்டா வர்றதுனாலதான் நம்ம மணிக்கட்டுக்கு வராம திருகுக்குப் போகுது.

இப்ப அந்த முனையில ஒல்லியான துளை பிட்டை வைங்க. பிட்டு கூரா இருக்கணும்னா எஃகு ரொம்ப கெட்டியா இருக்கணும். கெட்டியா இருக்கிறது வளையாது. நம்ம அக்கா கைமுறுக்கும் அதிரசமும் மாதிரி. முறுக்கு ஒடியும், அதிரசம் வளையும். திருகு முடுக்குற நல்ல பிட்டை நடுவுல ஒல்லியா, கொஞ்சம் முறுகிக் கொடுக்கிற மாதிரி பண்ணியிருப்பாங்க, தட்டைத் தாங்குறதுக்கு. துளை பிட்டு முறுக்கு ஜாதி. அதுலயும் சக்கு, சக்குக்குள்ள பிட்டுன்னு ரெண்டு இணைப்பு சேர்ந்தா நுனி ஆடும். ஆட்டமும் தட்டும் சேர்ந்துதான் என் பிட்டை ஒடிச்சுது. மரம் கெட்டியா இருந்தது ஒரு சாக்குத்தான்.

அப்போ போடவே கூடாதா? போடலாம். இன்னைக்கும் மரத்துல நான் போடுற துளையில முக்கால்வாசி இதுலதான் போடுறேன். பிட்டை மாத்தினேன், பிடிக்கிற முறையை மாத்தினேன்.

முதல்ல பிட்டோட வாலைப் பாருங்க. உருண்டை வால் இதுல நிக்காது. ஆறு பட்டை வால் வேணும், பட்டைக்குப் பட்டை கால் அங்குலம். ஆசாரிமார் கணக்குல ரெண்டு நூல். அந்த வால்ல சுத்தியும் ஒரு பள்ளம் இருக்கும். மெஷின் மூக்குல உள்ள வளையத்தை இழுத்து, பிட்டைச் சொருகி, வளையத்தை விட்டா அந்தப் பள்ளத்துல பிடிச்சுக்கும். இழுத்துப் பார்த்தா வரக் கூடாது. கடையில வாங்கும்போது வாலும் அலகும் ஒரே துண்டான்னு பாருங்க. மலிவு செட்டுல உருண்டை பிட்டை ஆறு பட்டைக் கூட்டுக்குள்ள சொருகி ஒட்டியிருப்பாங்க. நாலு நாள்ல கழண்டுரும். இம்பாக்ட் மெஷினுக்குன்னு அட்டையில எழுதியிருக்கிறதைக் கேட்டு வாங்குங்க. ஒரு பிட்டு நூறு ரூபா பக்கம் ஆகும். முப்பது ரூபா பிட்டை ஒடிச்சு நான் இழந்தது எவ்வளவுன்னு ஏற்கனவே சொல்லிட்டேன்.

அளவு எல்லாம் வாங்கிக் குவிக்க வேண்டாம். நம்ம வேலைக்கு அதிகமாப் போறது 8-ஆம் நம்பர் ஸ்குரு. அதுக்குத் தேக்குல 3 மில்லி துளை, கிட்டத்தட்ட ஒரு நூல். மென்மையான மரத்துக்கு இன்னும் கொஞ்சம் ஒல்லியாப் போடலாம். 2 மில்லி மாதிரி ரொம்ப ஒல்லி பிட்டை இந்த மெஷின்ல போடவே போடாதீங்க. அதுக்குக் கைத்துரப்பணம் போதும், இல்லைன்னா சாதா டிரில்லு. கதவுப் பூட்டுக்குப் பெரிய வட்டம் வெட்டுற ரம்பப் பிட்டும் இதுக்கு ஆகாது. தட்டிக்கிட்டே சுத்தி ஓரமெல்லாம் பிய்ஞ்சு போகும்.

பிடிக்கிற முறை இப்படி. துளை வேணும்ங்கிற இடத்துல ஊசியால ஒரு புள்ளி குத்திக்கணும், பிட்டு வழுக்காது. பிட்டுல எவ்வளவு ஆழம் போகணுமோ அந்த இடத்துல கறுப்பு டேப்பு ஒரு சுத்து. மெஷினை மரத்துக்கு நேரா, செங்குத்தாப் பிடிங்க. விசையைக் கொஞ்சமா அழுத்தி மெல்ல ஆரம்பிங்க, கடிச்சதும் வேகத்தைக் கூட்டுங்க. தள்ளாதீங்க. நாலு சுத்துக்கு ஒருதரம் சுத்திக்கிட்டு இருக்கும்போதே பிட்டை வெளியே இழுத்துத் தூளை உதறுங்க. தேக்குல எண்ணெய் உண்டு. தூள் பிட்டோட பள்ளத்துல அப்பிக்கிட்டா பிட்டு சூடாகும். வேலை முடிஞ்சதும் மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சு வைப்பேன். தேக்கு பிட்டைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். மரத்துக்குள்ளேயே மணல் சத்து இருக்கு. அதனால தூள் சுருளா வராம மாவா வந்தா, புகை வாசம் வந்தா, பிட்டு மழுங்கிடுச்சுன்னு ஒதுக்கிடணும்.

காது கொடுத்துக் கேட்கிறதுதான் இதுல பாதி வேலை. மெஷின் "உர்ர்"னு ஒரே சீராச் சுத்துற வரைக்கும் துளை போடலாம். "டக டக"ன்னு தட்டு விழுந்த அடுத்த நொடி விசையை விட்டுடணும். ஒண்ணு தூள் அடைச்சிருக்கும், இல்லைன்னா பிட்டு மழுங்கியிருக்கும், இல்லைன்னா நாம அழுத்துறோம். வெளியே எடுத்து என்னன்னு பாருங்க. அஞ்சாவது ஜன்னல்ல நான் இதை மட்டும் செஞ்சிருந்தா இன்னைக்குச் சொல்ல எனக்குக் கதையே இல்லை. தட்டைத் தாங்குறதுக்குன்னே செஞ்ச தடிமனான மரப் பிட்டு இருக்கு, தட்டையா கரண்டி மாதிரி ஒண்ணு, திருகு சுருள் மாதிரி ஒண்ணு. அதுல மட்டும் தட்டு விழுந்தாப் பயமில்லை. சட்டத்துல வயர் போறதுக்குத் துளை போட நான் அதை வச்சிருக்கேன்.

பித்தளை ஸ்குரு பத்தி ஒரு வார்த்தை. பழைய வீட்டுல எல்லாரும் பித்தளைதான் கேட்பாங்க, பார்க்க அழகு. பித்தளை மென்மை. இம்பாக்ட்ல முடுக்கினா தலை பிய்ஞ்சு கையோட வந்துரும். துளை போட்டதும் அதே அளவு இரும்பு ஸ்குருவை ஒருதரம் முடுக்கி வெளியே எடுத்துடுவேன். மரம் வழி விட்டுடும். அப்புறம் பித்தளையை, மரையில கொஞ்சம் சோப்புத் தடவி, கைத்திருப்புளியாலதான் முடுக்குவேன். மாமா சொல்லிக் கொடுத்தது. மெழுகுவத்தியும் தடவலாம்.

இரும்புத் தகடு, கேட்டுக் கம்பி. ஒல்லித் தகடுன்னா இந்த மெஷின்ல முடியும். முதல்ல ஆணியை வச்சு ஒரு அடி, பள்ளம் விழட்டும். ஒரு சொட்டு எண்ணெய், மெதுவான வேகம். தகட்டைத் தாண்டி வெளியே வர்ற நேரம்தான் பிட்டு மாட்டும், அப்ப கையைத் தளர்த்திக்கணும். கனமான இரும்புக்கு இதை எடுக்காதீங்க.

சுவர். இதைத்தான் எல்லாரும் கேட்கிறீங்க. காங்கிரீட்டுக்கு இது ஆகவே ஆகாது. காரணம் தட்டுற திசை. அம்மி கொத்துறவரைப் பார்த்திருப்பீங்க, உளியை நேரா வச்சுத் தலையில அடிப்பார். கல்லு உடையணும்னா அடி நேரா உள்ள போகணும். சுவருக்குன்னு உள்ள ஹேமர் டிரில்லு அப்படி நேராக் குத்தும். இம்பாக்ட் பக்கவாட்டுல தட்டும். சுவர் பிட்டு நுனியில கார்பைடு சில்லு ஒண்ணு ஒட்டியிருக்கும். பக்கவாட்டுல தட்டத் தட்ட அந்தச் சில்லுதான் தெறிக்கும், சுவர் சிரிச்சுக்கிட்டு நிக்கும்.

நம்ம ஊர்ப் பழைய சுவர் இன்னொரு ரகம். செங்கலும் சுண்ணாம்பும், மேல பல பூச்சு, கடைசிப் பூச்சுல முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி மாதிரி தேய்ச்சது. அதுல ஹேமரும் வேண்டாம், இம்பாக்டும் வேண்டாம். தட்டினா உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழும். அதே மாதிரி திரும்பப் பூசுறவங்க இப்ப ரொம்பக் கொஞ்சம். சாதா டிரில்லை, குத்துறதை நிறுத்தி, சுத்த மட்டும் விட்டு, மேல ஒரு துண்டு டேப்பு ஒட்டிக்கிட்டு மெல்லப் போடணும். முடிஞ்சா சுவரை விட்டுட்டு மர நிலையில மாட்டுறதுக்கு வழி பார்ப்பேன். ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரையில துளை கேட்டா நான் மாட்டேன்னு சொல்லிடுவேன். கண்ணாடி மேல ஊத்தி எடுத்து ஒவ்வொண்ணாக் கையால பண்ற கல்லு அது. ஒண்ணு வெடிச்சா அதுக்கு இணையா நிறம் தேடுறதுக்குள்ள வருஷம் போயிரும்.

உடுப்பு பத்தியும் சொல்லணும். முந்தானையை இழுத்துச் செருகி, மேல வீட்டுக்காரர் பழைய சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டிக்குங்க. வயக்காட்டுக்கும் சித்தாள் வேலைக்கும் போற நமக்கு இது புதுசு இல்லை. துப்பட்டா வேண்டாம், வளையல் வேண்டாம், சடையைக் கொண்டை போட்டுக்கணும். சுத்துற பிட்டு பக்கத்துல துணி உறையும் போடக் கூடாது, இழுத்துக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஏணியில நின்னு தலைக்கு மேல துளை போடும்போது தூள் நேராக் கண்ணுலதான் விழும். தட்டுற சத்தம் மூடின அறைக்குள்ள காதைக் கிழிக்கும். நான் பஞ்சு வச்சுக்கிட்டு இருந்தேன், அது பத்தாதுன்னு சொன்னாங்க. இப்ப காது அடைப்பான் வாங்கிட்டேன். பிட்டு மாத்தும்போது பேட்டரியைக் கழட்டிடுங்க. துளை போட்டு எடுத்த பிட்டை உடனே தொடாதீங்க. என் கட்டைவிரல்ல தழும்பு இருக்கு, வந்து பார்த்துக்கலாம்.

பேட்டரின்னதும் ஒண்ணு. இதுல இருக்கிறது லித்தியம் பேட்டரி. அந்த ரகப் பேட்டரி ஆராய்ச்சியெல்லாம் நம்ம காரைக்குடி சிக்ரியிலயும் நடக்குது. 1953-ல திறந்த ஆபீசு. அழகப்பச் செட்டியார் கொடுத்த இடம். தினம் பஸ்ஸுல அந்தக் காம்பவுண்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போறோம். நம்ம பிள்ளைங்க யாராவது உள்ள போய்ப் படிச்சா எனக்குச் சந்தோஷம். பேட்டரியை வெயில்ல, வண்டிப் பெட்டியில வச்சுடாதீங்க, ஆயுசு குறையும்.

கடன் முடிஞ்சுது. ரெண்டு மாசம் தள்ளி, இருபத்திரண்டாவது மாசம் கடைசித் தவணை கட்டினேன். மெஷினை விக்கச் சொன்ன அக்கா இப்ப என்கூடத்தான் வேலைக்கு வர்றாங்க. ஏணி பிடிக்க வந்தவங்க, இப்ப அவங்க போடுற துளை என்னுதை விட நேரா இருக்கு. வீட்டுல ஆம்பளை இல்லாத நேரம் கதவைத் திறக்கத் தயங்குற வீடுகள்ல எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வச்சுக் காப்பி கொடுக்கிறாங்க. அந்த வேலை வேற யாருக்கும் போகாது. போன மாசம் ஒரு பழைய வீட்டுல ஆறு ஜன்னல், எல்லாம் தேக்கு. பிட்டு ஒண்ணு கூட ஒடியலை.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். சுவர் வேலை கேட்டு வர்றவங்களை நாங்க திருப்பி அனுப்பிக்கிட்டு இருக்கோம். ஹேமர் டிரில்லு ஒண்ணும், குத்தாத சாதா டிரில்லு ஒண்ணும் கூட்டமைப்பு பொதுவா வாங்கி ஆபீசுல வச்சா, நாள் வாடகைக்கு எடுத்துக்குவோம். என்னைக்கோ ஒருநாள் வேணும்ங்கிறதுக்கு ஆளுக்கு ஒண்ணு கடன் வாங்கி வாங்கத் தேவையில்லை. எடுத்த தேதி, கொடுத்த தேதி, பிட்டு எத்தனைன்னு ஒரு நோட்டுப் போட்டாப் போதும், கணக்குல நாம கில்லாடிங்கதானே. வர்ற செயற்குழுவுல இதைப் பேசணும்னு செயலாளர் அக்காகிட்ட எழுதிக் கொடுத்திருக்கேன்.

மேசையில ஒரு தேக்குத் துண்டும், நல்ல பிட்டு ரெண்டும், என் ஒடிஞ்ச பிட்டும் வச்சிருக்கேன். சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வாங்க, ஆளுக்கு ஒரு துளை போட்டுப் பாருங்க. வளையலைக் கழட்டிட்டு வாங்க.